அவ்வளவுக்கு இல்லியே

சாலை, திருவனந்தபுரம்
14-6-1978

கர்த்தருக்குள் அன்பான செல்லபாய் அக்காவுக்கு,

தாசம்மாள் எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரரும் திரவியமும் இருக்கிறோம். ‘சுகமாக இருக்கிறோம்’ என்று எழுதுவதுதான் முறை. வெறுமனே இருக்கிறோம் என்றால் நீ கோபிப்பாய். ஆகவே சுகம். உன் சுகமும் அத்தான் சுகமும் பியூலாக் குட்டியின் சுகமும் அறிய ஆசை.

மழை பிடித்துவிட்டது. கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர். இவர் வேலை பார்க்கிற இரும்புக் கடைக்குள்ளும் ஏறிவிட்டது. ஆணிச் சாக்குகளையெல்லாம் பலகைமேல் தூக்கி வைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்திருக்கிறார். திரவியம் அவர் முனகுவதைக் கேட்டுச் சிரிக்கிறான். அவனுக்கு அதுவும் ஒரு பாட்டு.

கோலப்பன் ஓட்டுகிற உங்கள் எஸ்டேட் லாரி போன வாரம் சாமான் ஏற்ற வந்தபோது அதில் நடைவண்டி ஒன்று ஏற்றிவிட்டேன். கிடைத்ததா? திரவியத்துக்கு ஒரு வயதானபோது வாங்கியது. அன்றிலிருந்து பரணில்தான் கிடந்தது. சக்கரத்தில் மண்கூடப் பட்டதில்லை. பியூலாவுக்கு ஒரு வயது முடிகிறதே, அவளாவது தள்ளட்டும். நான் மனசு கஷ்டப்பட்டு அனுப்பினேன் என்று நினைக்காதே. கொஞ்சம் கஷ்டப்பட்டேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. இரண்டாம் சனிக்கிழமைத் தாய்மார் கூட்டத்துக்கு இந்த மாதம் நான் போகவில்லை. இனியும் போவதாக இல்லை. இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஒன்றாகக் கூடினால் பாரம் குறையும் என்று நீதான் என்னைப் பிடித்துத் தள்ளினாய். ஒன்றரை வருஷம் போய்ப் பார்த்தாயிற்று. பையனுக்கு ஏழு வயது. கால்கள் தொங்க இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏற முடியவில்லை. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

பியூலாவை ஞானஸ்நானத்தின்போது பார்த்தது. பல் முளைத்துவிட்டதா? எழுது.

உன் தங்கை,
தாசம்மாள்

*

பொன்முடி எஸ்டேட்
2-7-1978

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆண்டவருடைய நாமத்தில் அக்கா வாழ்த்தி எழுதுவது. நாங்கள் யாவரும் கிருபையால் நலம். அத்தானுக்குத் தேயிலை ஃபேக்டரியில் கணக்கெழுத்து வேலை அதிகம். மழையில் கொழுந்து குவிகிறது, ராத்திரிதான் வீடு திரும்புகிறார். ஆணிச் சாக்கு தூக்கின தம்பி நேசையனை இடுப்புக்குக் காயத்திருமேனித் தைலம் தேய்த்து வெந்நீர் ஊற்றச் சொல்.

நடைவண்டி பத்திரமாக வந்தது. பியூலா அதைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடுகிறாள். பல் நான்கு.

கூட்டத்தை விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். வாசித்து மனசு உடைந்துபோயிற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்த கதைதான் இது. அந்த ஏலியம்மா சிஸ்டர் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர்கள். காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்கள். எத்தனை பேருக்கு அது கிடைக்கும்? பஸ்ஸில் முடியாது என்றால் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு போ. விடாதே.

இங்கே லயத்தில் உச்சிமாகாளி என்று ஒரு தொழிலாளி இருக்கிறான். அவன் பெண் குழந்தைக்கு ஒரு வயதாகியும் கழுத்து சரியாக நிற்கவில்லையாம். பாவம், என்னிடம் வந்து கேட்கிறார்கள். கழுத்துக்கு சிஸ்டர் என்ன சொல்லித் தந்தார்கள்? எண்ணெய் தேய்க்க வேண்டுமா, எப்படிப் படுக்கவைக்க வேண்டும்? ஒன்று விடாமல் விவரமாக எழுது. தாமதிக்காதே.

உனக்காக ஜெபிக்கும்,
செல்லபாய்

*

சாலை
19-7-1978

அன்பான அக்காவுக்கு,

உங்கள் எல்லாருடைய சுகமும் தெரிந்து சந்தோஷம். இங்கே இடுப்பு தேவலை. திரவியத்துக்குத்தான் சளி.

முதலில் உச்சிமாகாளியின் குழந்தைக்கு. எண்ணெயில் ஒன்றுமில்லை. பழைய சேலை ஒன்றை இறுக்கமாக உருட்டிக்கொள்ள வேண்டும். குழந்தையைக் குப்புறப் போட்டு நெஞ்சுக்குக் கீழே அந்த உருளையைக் கொடுக்க வேண்டும். முன்னால் பளபளப்பாகவோ சத்தம் வருகிற மாதிரியோ ஏதாவது காட்டினால் தலையைத் தூக்கப் பார்க்கும். நாமும் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டுதான் காட்ட வேண்டும். திரவியத்துக்கு நான் இரும்புச் சங்கிலித் துண்டு வைத்திருக்கிறேன். இவர் கடையிலிருந்து கொண்டுவந்தது. அதைக் குலுக்கினால் எங்கே இருந்தாலும் முகம் திருப்பிச் சிரிப்பான். கழுத்து நிற்கவில்லை, சிரிப்பு நிற்கிறது. உட்கார வைக்க, சுவர் மூலையில் இரண்டு பக்கமும் அரிசிச் சாக்கு வைத்து நடுவில் அணைத்து வைக்கலாம். குழந்தை சின்னது என்பதால் சீக்கிரம் பலன் தெரியும் என்று அவர்களிடம் சொல்.

இனி என் கதை. பஸ்ஸைக் காரணம் சொன்னேன். நீ ரிக்‌ஷா வைத்துக்கொள் என்கிறாய். சரி, உண்மையையே எழுதுகிறேன்.

கூட்டம் முடிகிற சமயம் ஒவ்வொருத்தியும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். நம் சபை வழக்கம்தானே. இந்த மாதம் கர்த்தர் செய்த ஒரு நன்மையைச் சொல்லி ஸ்தோத்திரம் செலுத்துவது. ஒருத்தி பிள்ளை கரண்டி பிடித்தது என்பாள், இன்னொருத்தி பிள்ளை ஒன்றுக்கு வருவதைச் சொல்லிவிட்டது என்பாள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. மண்டபத்தின் பின் பெஞ்சில் திரவியத்தின் வாய்நீரைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது எனக்கு வழக்கமாகிவிட்டது, குறையில்லை.

மே மாதம் புதிதாக ஒருத்தி வந்தாள். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரி, பையனுக்கு நாலு வயது. உள்ளே வரும்போதே அழுதுகொண்டு வந்தாள். பையன் நடக்கிறான், பேச்சுத்தான் இல்லை. கூட்டம் முடியும்போது அவள் முகம் துடைத்துத் தெளிவாக எழுந்து நின்று சாட்சி சொன்னாள். “தாசம்மாளுக்க பிள்ளையப் பாத்தப்பம்தான் எனக்கு மனசு ஆறிச்சு. நம்ம மோன் அவ்வளவுக்கு இல்லியே. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!”

எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். பழக்கதோஷம், நானும் கூடச் சொன்னேன் அக்கா. சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னேன் என்று உறைத்தது. ஒன்றரை வருஷமும் எல்லாரும் இதையேதான் வேறு வேறு வார்த்தையில் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. பஸ்ஸில் வீடு வரும்வரை அவன் முகத்தை என் முந்தானையால் மூடிக்கொண்டே வந்தேன்.

போதுமா காரணம்?

அன்புத் தங்கை,
தாசம்மாள்

*

பொன்முடி எஸ்டேட்
27-8-1978

அன்புள்ள தாசம்மாளுக்கு,

நலம், நலமறிய நாட்டம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வளைவுப் பாதையில் மண் சரிந்து தபால் பஸ் வரவில்லை.

அந்தப் பெண் சொன்னதில் என்ன பெரிய குற்றம் இருக்கிறது? யோசித்துப் பார்த்தேன். தண்ணீரில் விழுந்தவள் கையில் அகப்பட்டதைப் பிடிக்கிறாள். அவளுக்கு உன் பிள்ளைமேல் பகையா? ஒரு நிமிஷம் மூச்சு விட்டுக்கொண்டாள். ஒரு தாய்க்கு அது தேவைப்படும். நீ பொறுத்துப் போயிருக்கலாம்.

கூட்டத்துக்குத் திரும்பப் போ. உனக்காக இல்லாவிட்டாலும் மற்றவர்களுக்காகப் போ.

லயத்துக் குழந்தைக்கு நீ எழுதியபடியெல்லாம் செய்கிறார்கள். கழுத்து கொஞ்சம் தூக்குகிறது. ஆனால் உள்ளங்கையை விரிக்கிறதில்லை. அதற்கு என்ன செய்ய வேண்டும்? திரவியம் எந்த வயதில் உன் சத்தத்துக்குத் திரும்பினான்? அந்தக் கூட்டத்தில் முதலில் கழுத்து நிற்காமல் இருந்து பிறகு நடந்த பிள்ளை யாராவது உண்டா? சிஸ்டரிடம் கேட்டு எழுது. மறக்காமல் கேள்.

அக்கா,
செல்லபாய்

*

சாலை
10-9-1978

அக்காவுக்கு,

சுகம்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். நடைவண்டி தள்ளி ஓடுகிற பெண்ணை வைத்துக்கொண்டு, மலைமேல் காற்றாட உட்கார்ந்துகொண்டு, நீ எனக்குப் பொறுமை போதிக்கிறாய். பொறுமை எனக்குத் தெரியாதா? ஏழு வருஷமாக அதைத்தானே தின்கிறேன்.

போன சனிக்கிழமை ஏலியம்மா சிஸ்டரே வீடு தேடி வந்தார்கள், கூட இரண்டு பேர். ரொட்டியும் ஏத்தம்பழமும் கொண்டுவந்தார்கள். நல்ல மனுஷி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. திரவியத்தின் கால்களை நீவிவிட்டார்கள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “மோளே, நீ வராதிருந்தா எப்படி? புதிசா வாறவங்க இருந்து கரையிறப்போ ஞான் ஆரைக் காட்டி சமாதானம் பறையும்? உன்னைக் கண்டாத்தானே அவங்களுக்கு ஒரு தைரியம்” என்றார்கள்.

கேட்டாயா? அழுகிறவர்களுக்குக் காட்டித் தேற்ற என் பிள்ளை வேண்டும். நான் ரொட்டியை வாங்கி வைத்துக்கொண்டேன், பழத்தையும் வாங்கிக்கொண்டேன். “சிஸ்டர், இவன் மண்டபத்துக்குப் போகிற பொருள் இல்லை” என்று சொல்லிக் கும்பிட்டேன். போய்விட்டார்கள். கதவைச் சாத்திவிட்டு அழுதேன். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு. அந்தப் பொன்னை நான் யாருக்கும் உரைகல்லாகக் கொடுக்கப்போவதில்லை.

ஆகவே சிஸ்டரிடம் எதையும் கேட்டு எழுத என்னால் முடியாது. உச்சிமாகாளி தன் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரட்டும். தங்க இடம் வேண்டுமென்றால் என் வீட்டில் தங்கட்டும். ஊர்க் குழந்தைக்கு இத்தனை கேள்வி கேட்கிறாய், உன் குழந்தையைப் பற்றி ஒரு வரிக்குமேல் எழுதுவதில்லை. பியூலாவின் போட்டோ ஒன்று அனுப்பு.

தாசம்மாள்

*

சாலை
21-11-1978

அன்பான அக்காவுக்கு,

எல்லாரும் சுகந்தானே? ஐப்பசியும் போய்விட்டது, உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. போன கடிதத்தில் என் நாக்கு நீண்டுவிட்டது. எழுதிப் பெட்டியில் போட்ட அன்றைக்கே தெரிந்தது. அம்மா போன பிறகு எனக்கு நீதான் அம்மா. என்னைத் திட்டி நாலு வரி எழுது, பேசாமல் மட்டும் இருக்காதே.

திரவியத்துக்குப் போன மாதம் இழுப்பு வந்து ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இப்போது வீட்டில். மெலிந்துவிட்டான். தூக்குவதற்கு எளிதாக இருக்கிறது என்று இவர் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். பியூலாவுக்கு ரோஸ் நிறத்தில் ஃபிராக் தைத்திருக்கிறேன். நடக்கிற குழந்தை, தடுக்கி விழக் கூடாதென்று நீளத்தைக் குறைத்திருக்கிறேன்.

தங்கை,
தாசம்மாள்

*

பொன்முடி எஸ்டேட்
17-12-1978

அன்புள்ள தங்கச்சிக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இங்கே சுகம். திரவியத்தின் சுகத்துக்காக முழங்காலில் நிற்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. எழுத முடியவில்லை. பண்டிகைக்கு வருவது நடக்காது. அந்த வளைவுகளில் பஸ்ஸில் எனக்கு வாந்தி நிற்பதில்லை, அத்தானுக்கு லீவும் இல்லை. போட்டோ எடுக்க மலைக்கு யாரும் வருவதில்லை. ஃபிராக்கை அங்கேயே வைத்திரு.

கூட்டத்தைப் பற்றி இனி உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டேன்.

செல்லபாய்

*

சாலை
20-1-1979

அன்பான அக்காவுக்கு,

புது வருஷத்தில் உங்களுக்கு நல்ல சுகம் கிடைக்கட்டும். நாங்கள் இருக்கிறோம்.

நேற்று எஸ்டேட்டுக்கு மண்வெட்டி எடுக்க லாரியோடு ஓர் ஆள் இவர் கடைக்கு வந்தானாம். பேர் கேட்டால் உச்சிமாகாளி என்றானாம். இவருக்கு நீ எழுதினதெல்லாம் தெரியுமே. பிரியமாக டீ வாங்கிக் கொடுத்து, “உம்ம பொண்ணுக்குக் கழுத்து இப்பம் எப்படி இருக்கு?” என்று விசாரித்திருக்கிறார்.

அவன் சிரித்துவிட்டான். “எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலியே அண்ணாச்சி!” என்றானாம்.

இவர் விடவில்லை. “பொன்முடியில கழுத்து நிக்காத குழந்தை ஒண்ணு இருக்குன்னாங்களே?” என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லையாம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “கணக்கப்பிள்ளை வீட்டுச் சமாச்சாரம் நமக்கு எதுக்கு அண்ணாச்சி” என்று எழுந்து போய்விட்டானாம்.

இவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது அடுப்பில் சோறு தீய்ந்துவிட்டது. நான் கவனிக்கவில்லை.

அக்கா, பியூலா நடக்கிறாளா?

தாசம்மாள்

*

பொன்முடி எஸ்டேட்
31-1-1979

என் தாசம்மாளுக்கு,

நடக்கவில்லை. உட்காரவும் இல்லை.

கழுத்து கொஞ்சம் நிற்கிறது, அது நீ எழுதிய சேலை உருளையால். உள்ளங்கை விரிவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. கண் எங்கேயோ இருக்கிறது. ஆறு மாதத்திலேயே எனக்குத் தெரியும். அத்தான் தெரியாதவர்போல இருக்கிறார். சாப்பிடும்போது அவள் பக்கம் பார்க்க மாட்டார். உன் நடைவண்டி அடுப்பங்கரையில் நிற்கிறது. மழைக்காலத்தில் அவள் துணிகளை அதன்மேல் போட்டுத்தான் காயவைத்தேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அவள் ஞானஸ்நானத்தன்று நான் என்ன செய்தேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பத்து வருஷம் மலடி என்று கேட்டவள் அல்லவா? சபை நடுவே நின்று, ‘கர்த்தர் எனக்கு ஒரு குறைவும் இல்லாத பிள்ளையைத் தந்தார்’ என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள். அந்த மனுஷர்கள் முன்னால் இந்தக் குழந்தையை எப்படித் தூக்கிக்கொண்டு வருவேன்? அதனால்தான் நீ கூட்டத்துக்குப் போக வேண்டும் என்று துடித்தேன். நீ அங்கே போய் உட்கார்ந்தால், நான் இங்கே யார் கண்ணிலும் படாமல் கற்றுக்கொள்ளலாம்.

இது மட்டும் என்றால் நீ மன்னிப்பாய். இன்னும் இருக்கிறது. உன் கடிதம் வந்தால் முதலில் திரவியத்தைப் பற்றிய வரிகளைத் தேடி வாசிப்பேன். ஏழு வயதாகியும் கழுத்து நிற்கவில்லை என்று எழுதியிருப்பாய். பியூலாவுக்கு இப்போதே கொஞ்சம் நிற்கிறதே என்று முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொல்வேன். அந்த நெய்யாற்றின்கரைக்காரி சொன்னதை நீ எழுதியிருந்தாய். அவள் ஒரு தடவை சொன்னாள். நான் உன் ஒவ்வொரு கடிதத்துக்கும் சொன்னேன். அவளுக்காகப் பரிந்து எழுதினேனே, எனக்காகத்தான் எழுதினேன்.

தலைவலியும் காய்ச்சலும் வந்துதான் இருக்கிறது தாசம்மா.

இனி நீ எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை.

செல்லபாய்

*

சாலை
18-3-1979

என் அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. உனக்கு அந்த நாள்கள் எப்படிப் போயிருக்கும் என்று தெரியும். வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

முதலில் கோபம். அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் எல்லாரும் ஊரார். நீ என் ரத்தம். என் பிள்ளையின் இழுப்பையும் வாய்நீரையும் உனக்கு எழுதினேன், நீ அதை வைத்து அளந்தாய். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். இவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். “அவியளும் பெத்தவதானே” என்றார். அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

கோபம் மட்டும் என்றால் அப்போதே எழுதித் திட்டியிருப்பேன். எழுத விடாமல் செய்தது வேறு. உன் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது நான் எந்த இடத்தில் நின்றேன் தெரியுமா? ‘பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை’ என்ற இடத்தில் நின்றேன். திரவியம் திரும்புவான். சங்கிலிச் சத்தம் கேட்டால் சிரிப்பான். என்னைத் தெரியும் அவனுக்கு. ‘நம்ம பிள்ளை அவ்வளவுக்கு இல்லியே, ஸ்தோத்திரம்’ என்று என் வாய் சொல்லிவிட்டது. மனசுக்குள் இல்லை அக்கா, சத்தமாகவே சொன்னேன். ஏழு வருஷத்தில் ஒரு தடவையாவது சொல்லக் கிடைக்காதா என்று அது உள்ளே காத்துக் கிடந்திருக்கிறது. கிடைத்தது, உன் பெண்ணை வைத்து.

அன்றைக்கு நான் மூச்சுவிட்டது நிஜம். அதை நினைத்தால் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க எனக்கே பிடிக்கவில்லை. அந்த நெய்யாற்றின்கரைக்காரியின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆனாலும் அந்தக் கூட்டத்துக்கு நான் திரும்பப் போக மாட்டேன். அவர்கள் பொல்லாதவர்கள் இல்லை, அது இப்போது தெரிகிறது. நாலு தாய்மார் சேர்ந்தால் அளக்கத்தான் செய்வார்கள். அளந்துகொள்ளட்டும். திரவியத்தை அதற்கு நடுவில் வைக்க என்னால் முடியாது, அவ்வளவுதான். உனக்கு சிஸ்டர் வேண்டும். பியூலாவுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை, கை விரிய இன்னும் காலம் இருக்கிறது. மண்டபத்து வாசல்வரை நான் கூட வருகிறேன். நீ உள்ளே போ. நான் திரவியத்தோடு வெளியே வேப்பமரத்தடியில் இருக்கிறேன். சாட்சி சொல்லச் சொன்னால், சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உட்கார். அது பாவம் இல்லை.

ஞானஸ்நானத்தில் கேட்டவர்கள் கேட்பார்கள், பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வா. அத்தான் வராவிட்டால் நீ மட்டும் வா. கோலப்பனிடம் இவர் பேசிவிட்டார். அடுத்த வாரம் லாரி இறங்கும்போது உங்களை முன்சீட்டில் ஏற்றிக்கொள்வான். வாந்தி வந்தால் நிறுத்துவான், நல்ல பிள்ளை.

ரோஸ் ஃபிராக்கின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கிவிட்டேன். கால் மூடியிருக்கும், குளிராது. நடைவண்டியை லயத்தில் ஓடுகிற பிள்ளை எதற்காவது கொடுத்துவிட்டு வா. யாராவது ஒருத்தர் அதைத் தள்ளட்டும்.

கம்பளி எடுத்து வராதே, இங்கே புழுக்கம். சேலை இரண்டு உருட்டித் தரையில் வைத்திருக்கிறேன்.

உங்கள் மூவரின் சுகத்தையும் வாசலில் நின்று விசாரித்துக்கொள்கிறேன்.

தாசம்மாள்